இரண்டு தட்டு என்றால் நில்

எங்கள் மலையூர் பெனியால்தாவின் கோட்டைச் சுவரை ஒட்டி, கேரவன்கள் நிறுத்தும் திடல் இருக்கிறது. எதிரே என் காப்பிக்கடை. மலையேறி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாது. புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி இறங்கி நின்று வழி சொல்லுவாள், அரை மணி நேரம் சண்டை நடக்கும். எனக்குக் காசில்லாத கூத்து.

ஃபெர்மினும் கஸில்தாவும் மட்டும் சண்டை போட்டதில்லை. ஸரகோஸா நகரத்திலிருந்து வருஷா வருஷம் சகல புனிதர் திருநாளுக்கு வருவார்கள். கஸில்தாவின் பெற்றோரை எங்கள் ஊரில்தான் அடக்கம் செய்திருந்தது. அவர் வண்டியைப் பின்னால் எடுக்க, அவள் கூடவே நடந்து பின்பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் நில். நாற்பது வருஷப் பழக்கம்.

போன வருஷம் ஃபெர்மின் வண்டிக்குப் பின்னால் கேமரா வைத்துக்கொண்டு வந்தார். இனி நீ இறங்க வேண்டியதில்லை என்று பெருமையடித்தார்.

"கழுதையக் குடுத்தாலே சுவத்துல கொண்டுபோய் முட்டுற ஆளு நீ. உனக்குக் கேமரா ஒரு கேடா?" என்று சிரித்துக்கொண்டே கஸில்தா இறங்கினாள்.

நல்ல மூடுபனி. நான் வாசலில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தட்டு கேட்டது. உடனே இன்னும் இரண்டு, அவசரமாக.

வண்டி நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால் கோட்டைச் சுவர்.

அன்று ஃபெர்மின் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அவள் தட்டினாளா என்று. இல்லை என்றேன். போலீஸிடமும் அதையே சொன்னேன். அந்த மனுஷனை உயிரோடு கொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இந்த வருஷமும் அதே நாளில் வந்தார். தனியாக. மதியம் சாப்பிட்டுவிட்டு ஊரே கதவைச் சாத்திப் படுத்திருக்கும் நேரம். கேமராவைப் பிடுங்கிவிட்டிருந்தார், அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். கஸில்தாவும் இப்போது அவள் அப்பா அம்மாவோடுதான் இருக்கிறாள். அவளுக்குச் சாமந்திப்பூ வைத்துவிட்டு வந்த வாசனை அவர் கைகளில் இருந்தது. திருநாளுக்குப் பொரித்த பலகாரத்தைத் தட்டில் வைத்தேன், தொடவில்லை. பழைய இடத்திலேயே நிறுத்தப் போவதாகவும், கொஞ்சம் ஓரமாக நின்று பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

நின்றேன். வண்டி பின்னால் வந்தது. வண்டிக்கும் சுவருக்கும் நடுவே யாருமே இல்லை.

தட். தட்.

தகரம் அதிர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

வண்டி நின்றது.

ஓட்டுநர் ஜன்னலுக்கு ஓடினேன். சொன்ன பொய்யை ஒப்புக்கொள்ள வாயெடுத்தேன்.

"தெரியும் விசி," என்றார் மெதுவாக. "அன்னிக்கும் இது எனக்குக் கேட்டுச்சு. பின்னால மாட்டியிருந்த சைக்கிள்தான் ஆடுதுன்னு நெனச்சேன். கேமராவுல ஒரே வெள்ளையா இருந்துச்சு, யாருமே தெரியல."

ஒரு வருஷமாக நான் அவரிடம் மறைத்ததை, அவரும் என்னிடம் மறைத்திருக்கிறார்.

அவர் வண்டியை முன்னால் எடுத்தார். மறுபடி பின்னால் வந்தார். தட், தட். நின்றார். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். ஒரு வருஷம் கழித்து, ஒவ்வொரு முறையும் சரியாக நின்றார்.

"போதும் ஃபெர்மின், இறங்கி வாங்க."

"நில்லுன்னேதான் சொல்லிட்டிருக்கா. ஒரே ஒரு தடவ வான்னு சொல்லட்டும். மன்னிச்சிட்டான்னு தெரிஞ்சுக்கறேன்."

மேலே மாதா கோவில் மணி அடித்து ஓய்ந்தது. வண்டி இன்னொரு முறை பின்னால் வந்தது.

தட்.

காத்திருந்தேன்.

இரண்டாவது தட்டு வரவில்லை.

ஃபெர்மின் இன்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். அழட்டும் என்று விலகி நின்றேன். வெகுநேரம் கழித்துத் தோளைத் தொட்டபோது உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. முகத்தில் மட்டும், கோபித்துப் போனவள் திரும்பி வந்ததும் வருமே, அந்த நிம்மதி.

அவரையும் அவள் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். இனி அந்த இடம் வெறும் இடம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் மூடுபனியில் திடல் நிறைந்துவிட்டது. கடைச் சாமான் ஏற்றி வந்த என் வேனுக்கு அந்த ஓர் இடம்தான் மிச்சம். மெல்லப் பின்னால் எடுத்தேன்.

தட். தட்.

நின்றுவிட்டேன். கஸில்தாவின் கையை எனக்குத் தெரியும். முதல் தட்டு அவளுடையது, இடது ஓரத்தில், லேசாக.

இரண்டாவது வலது ஓரத்தில் விழுந்தது. கனமான ஆண் கை.