வளர்பிறையில் வெட்டிய ஓக்

முட்டைக்கோஸ் ஊறப்போடும் பீப்பாயை ரொசாலியா இரண்டாம் முறையும் தேய்த்துக் கழுவிவிட்டாள். வாடை போகவில்லை. புளித்துப்போன காடியும் கிடா ஆட்டின் மொச்சையும் கலந்து அடித்தது. அவர்கள் வீட்டில் ஆடு கிடையாது. அந்த மலைச்சரிவிலேயே யாரும் ஆடு வளர்க்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் திராட்சைக் கொடிகளை விழுங்கி, மாலை வருவதற்குள்ளேயே அறையை இருட்டாக்கியிருக்க, அவள் நாயைப்போல முகர்ந்துகொண்டே அடுப்பைத் தாண்டி, விறகுக் குவியலைத் தாண்டிப் போய் நின்ற இடம் கைக்குழந்தை மிங்காவின் தொட்டில். ஒரே அடிமரத்தைக் குடைந்து கணவன் காஷ்பர் செய்தது.

வீட்டுக்குள் வரும் மரத்தைக் குளிர்காலத் தேய்பிறையில்தான் வெட்டவேண்டும் என்பது அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்போதுதான் புழு அண்டாது. குழந்தை பிறக்கப்போகிற அவசரத்தில் காஷ்பர் கோடையில், வளர்பிறையில், அதுவும் அடிப்பட்டையில் ஈரம் கசிந்து நாறிய ஓக் மரத்தை வெட்டினான்.

"தேய்பிறை வரைக்கும் பொறுடா! இதுல புள்ள தூங்காது, புழுதான் தூங்கும்" என்றான் பக்கத்துத் தோட்டத்து ஜெர்னே.

"என் புள்ள நிலாவக் கேட்டா பொறக்குது? போய் உன் ஒயினக் குடி!"

அன்று வெட்டுண்ட பட்டையில் சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று பட்டையாகவே ஒட்டிக்கிடந்ததை ரொசாலியா பார்த்தாள். கட்டைவிரல் பருமன். எதையும் தின்னாத ஜென்மம் அது. தின்னவேண்டியதையெல்லாம் கிடா மொச்சை அடிக்கும் புழுவாக, சிவந்த முதுகும் கறுத்த தலையுமாக, மரத்துக்குள் வருஷக்கணக்கில் கிடந்து தின்று தீர்த்துவிட்டுத்தான் சிறகோடு வெளியே வரும். முட்டையிடும். செத்துப்போகும்.

தொட்டில் விளிம்பில் காதை வைத்தாள்.

கறுக். கறுக்.

மிங்காவின் போர்வையில் செம்மண் நிறத்தில் மரத்தூள். குழந்தையை வாரியெடுத்து, அடுப்பருகே நாற்காலியில் சாய்ந்திருந்த காஷ்பரின் மார்பில் வைத்தாள்.

"உள்ள ஏதோ மெல்லுது."

"பச்ச மரம் காயுது. முனகத்தான் செய்யும்" என்றபடி அவன் காதைக் குடைந்தான். "தினம் அதுமேல தல சாச்சுக்கிட்டுத் தூங்குறவன் நான். எனக்குக் கேக்கலையே?"

"புள்ளயக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. நான் அத ஒடைக்கப்போறேன்."

"ஒடை, ஒடை. ஜெர்னேக்குக் கொண்டாட்டம்."

முற்றத்தில் தொட்டிலைக் கோடரியால் பிளந்தாள். விரல் நுழையும் சுரங்கங்கள், கறுத்து, ஈரமாக, ஒன்றுக்குள் ஒன்று. ஒவ்வொரு துண்டையும் பிளந்தாள். ஒரு புழுகூட இல்லை. போய்த் தொலைந்தன என்று அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஒரு துண்டைத் திருப்பினாள். எல்லாச் சுரங்கங்களும் விளிம்பில் ஒரே இடத்தில் வாய் திறந்திருந்தன. காஷ்பர் தலை சாய்க்கும் இடம்.

உள்ளே ஓடினாள்.

வாடை முகத்தில் அறைந்தது. காஷ்பர் தூங்கிக்கொண்டிருந்தான். மிங்கா அவன் மார்பில். அவளது நெற்றியில் செந்தூள். துடைத்தாள். மறுபடி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் காதிலிருந்து.

"காஷ்பர்!"

அசைவில்லை. குழந்தையை இழுத்தாள். வரவில்லை. அவன் கைகளைப் பிரிக்கப் பார்த்தாள். விறைத்த கைகள். விரல்கள் நிமிரவில்லை. நகம் பட்ட இடத்தில் தோல் சில்லாகப் பெயர்ந்தது. ரத்தம் இல்லை. அடியில் வரிவரியாக மரம்.

"விடுடா! அவள விடு!"

கறுக். கழுத்தில். கறுக். தோளில். முழங்கையில். மணிக்கட்டில் ஏதோ புடைத்து, நெளிந்து, தாண்டியது. உள்ளங்கைக்குப் போனது.

உள்ளங்கைக்கு அடியில் மிங்காவின் முதுகு.

குழந்தை விழித்து வீரிட்டது. ரொசாலியா இரு கைகளாலும் இழுத்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கை குழந்தையோடு ஒட்டியே கிடந்தது. மெல்லும் சத்தம் நிற்கவில்லை. மரத்தை மெல்லும் சத்தமாக மட்டும் அது இப்போது இல்லை, சதையை மெல்வதுபோல மெதுமெதுவென்று இருந்தது.