பிள்ளையைத் தொலைக்காத ஆப்

வெள்ளகோவிலில் மாமனார் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, மேலே கட்டியிருந்த சைக்கிளை இறக்கியபோது காலை ஒன்பதரை. இறக்கியதும் ஹேண்டில்பாரில் மூன்று போன்களை வரிசையாக மாட்டினேன். ஒன்று என்னுடையது, ஒன்று என் மனைவி லோகப்பிரியாவுடையது, இன்னொன்று பட்டறையில் கிடந்த பழைய போன். தெருவில் போனவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கென்ன, முள்ளுக்குள் மாட்டிக்கொண்டது நான்தானே.

என் பெயர் கிருபாசங்கர். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கிளம்பும் இருபத்தாறு பேரில் நானும் ஒருவன். போன வருஷம் ஒரு ஆப் காட்டிய வழியில் போய், வாய்க்கால் கரையில் கருவேல முள்ளுக்குள் சிக்கி, ஒன்பது டியூப் போய்விட்டது. அந்த ஆப்பைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் நான். இந்த முறை வெள்ளகோவிலைச் சுற்றி அறுபது கிலோமீட்டர். எந்த ஆப் என்று முடிவு செய்யும் வேலையை எங்கள் செயலாளர் தம்பிதுரை மறுபடியும் என் தலையிலேயே கட்டினான். அதோடு பதின்மூன்று வயது மகள் மேக்னா முதல்முறையாக எங்களோடு வருவதாக இருந்தாள்.

லோகப்பிரியா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "மேடு பள்ளம் காட்டுதா, தமிழ்ல பேசுதான்னெல்லாம் எனக்கு வேண்டாமுங்க. பிள்ளையைத் தொலைக்காத ஆப்பாப் பாத்து வையுங்க."

நியாயமான கோரிக்கை. ஆனால் போனுக்கு ஒன்றாகப் போட்ட மூன்று ஆப்களோடு நான் பட்ட பாடு இருக்கிறதே. முதலாவது அழகாக மேடு பள்ளமெல்லாம் காட்டிவிட்டு, பத்தாவது நிமிடத்தில் சந்தா கட்டு என்று திரையை மறைத்துக்கொண்டது. இரண்டாவது தமிழில் பேசியது, திருப்பத்தைத் தாண்டி நூறு மீட்டர் போன பிறகு. மூன்றாவது இலவசம். வண்டித் தடம் வரைக்கும் காட்டியது, ஆனால் சார்ஜைக் குடித்துத் தீர்த்தது. சுற்றி முடித்து வந்து பார்த்தால் மூன்றும் மூன்று தூரம் சொன்னன. பட்டறையில் ஒரு நூல் அளவுகூடப் பிசகாமல் வேலை செய்கிறவன் நான். எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

மூன்றும் ஒத்துப்போனது ஒரே ஒரு விஷயத்தில்.

முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில், நான் போன வழியைக் காட்டும் கோடு ரோட்டை விட்டு விலகி, ஒரு கொறங்காட்டுக்குள் போயிருந்தது. கிளுவை வேலி அடைத்த மேய்ச்சல் காட்டைத்தான் எங்கள் பக்கம் கொறங்காடு என்போம். அதன் நடுவில் பதினொரு நிமிடம் நின்றதாகக் காட்டியது.

நான் அங்கே நிற்கவே இல்லை.

மூன்று ஆப்புக்கும் ஒற்றை நட்சத்திரம் போட்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதினேன். ஒரு நிறுவனத்திலிருந்து மட்டும் பதில் வந்தது. பதிவைப் பரிசோதித்தார்களாம், பிழை மூன்று மீட்டருக்குள்தானாம், நான் அங்கே நின்றது உண்மைதானாம். என் காலைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறார்கள்.

அடுத்த வாரம் வேறு இரண்டு ஆப், கூடவே போகும் வழியைப் பதிகிற, சைக்கிள்காரர்கள் கட்டும் கடிகாரம் ஒன்றையும் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். அந்த இடம் வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக மிதித்தேன். வலது பக்கம் வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பார்த்தேன்.

இருபத்து மூன்று நிமிடம்.

"இந்தச் சனியன்களுக்கு மூளையே இல்லை" என்று போனைச் சோபாவில் எறிந்தேன். லோகப்பிரியா என் சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கொழுக்கட்டைப் புல்லின் விதைகள் முழங்கால் வரைக்கும் அப்பியிருந்தன. ரோட்டில் போகிறவன் மேல் அது ஒட்டாது. காட்டுக்குள் இறங்கி நடந்தால்தான் ஒட்டும்.

"எந்தக் காட்டுக்குள்ளீங்க போனீங்க?" என்றாள்.

ஆப்களில் கோளாறு இல்லை. கோளாறு என்னிடம். வெயிலில் எனக்குத் தெரியாமலே மயக்கம் வருகிறது, சுயநினைவில்லாமல் நடக்கிறேன் என்று முடிவு கட்டினேன். தம்பிதுரையிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "வழிய மாத்திப்போடலாம் கிருபா" என்றான். நான் கேட்கவில்லை. இரண்டு வாரமாக மெனக்கெட்டது வீணாகிவிடுமே என்ற வீம்பு. கூட ஒரு ஆள் வந்து என்னைக் கவனித்தால் தெரிந்துவிடப் போகிறது.

மேக்னாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மயக்க விஷயத்தை லோகப்பிரியாவிடம் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒரு ஒத்திகை என்றேன். அவள் மகளின் போனில் அந்த இலவச ஆப்பைப் போட்டு, மகள் போகும் இடமெல்லாம் தன் போனில் புள்ளியாகத் தெரிகிற மாதிரி செய்துகொண்டாள். மேக்னா அந்தப் போனைச் சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டாள்.

"நான் ரோட்டை விட்டு எறங்குனா உடனே சத்தம் போடோணும் கண்ணு. செரியா?"

"நீங்க எறங்கினா நானும் எறங்கிருவேன்பா" என்று சிரித்தாள். வழியெல்லாம் வாய் ஓயவில்லை, பள்ளிக்கூடக் கதை, கூடப்படிக்கும் நஸ்ரியாவின் பூனைக் கதை.

அந்த இடத்துக்கு வந்தபோது உச்சி வெயில். நிழல் காலடிக்குள் சுருங்கியிருந்தது. காற்று இல்லை. ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. காய்ந்துபோன பூமியில் எங்கிருந்தோ ஈரமண் வாசனை மட்டும் வந்தது.

வேலியில் படல் திறந்து கிடந்தது.

முந்தைய இரண்டு முறையும் அப்படியொரு படலைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. முள்ளும் மூங்கிலும் சேர்த்துக் கட்டிய கதவு அது. வெளியே ரோட்டோரம் ஒரு கன்றுக்குட்டி நின்றது. திறந்து கிடக்கும் படலை எங்கள் பக்கத்து ஆள் யாரும் அப்படியே விட்டுவிட்டுப் போக மாட்டோம். காடு யாருடையதாக இருந்தாலும், மாட்டை உள்ளே விட்டுச் சாத்திவிட்டுத்தான் நகர்வோம். மேக்னாவையும் அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

"கன்னுக்குட்டிய நான் முடுக்கி உடறேன்பா" என்று சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடினாள்.

கன்று உள்ளே போனது. நான் படலை இழுத்துச் சாத்தி, கம்பி வளையத்தை முளையில் மாட்டினேன். நிமிர்ந்து திரும்பினேன். ஹெல்மெட்டோடு சைக்கிள் மேல் உட்கார்ந்து கிளம்பத் தயாராக இருந்தாள்.

"போலாமா அம்மணி?"

தலையை ஆட்டினாள்.

மீதித் தூரம் முழுக்க என் பின்னாலேயே வந்தாள். பேசவில்லை. வழியில் இளநீர் வாங்கி நீட்டினேன், வேண்டாமென்று தலையாட்டினாள். வெயில் அசத்திவிட்டது, பாவம் என்று நினைத்தேன். எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டேன், ஒரு நிமிடம்கூடக் காணாமல் போகவில்லை.

மாமனார் வீடு வந்ததும் அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தாயைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். தொட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. நான் அதே இலவச ஆப் ஓடிய என் போனை லோகப்பிரியா முன்னால் நீட்டினேன். கோடு ரோட்டிலேயே நேராகப் போயிருந்தது. அந்த இடத்தில் நாற்பதே விநாடி நின்றிருக்கிறேன்.

"பாத்தியா? இதுதான் ஆப்பு. தம்பிதுரைகிட்ட இப்பவே சொல்லிப்போடறேன்."

அவள் என் போனைப் பார்க்கவில்லை. தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, மேக்னாவோட புள்ளி இன்னும் வரலீங்களே."

"டவர் கெடைச்சிருக்காது" என்று எரிந்து விழுந்தபடியே போனைப் பிடுங்கினேன்.

புள்ளி கொறங்காட்டுக்குள் இருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரமாக அங்கேயே இருப்பதாகக் காட்டியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக வேலிப் பக்கம் நகர்ந்தது.

போனை அங்கே தவறவிட்டுவிட்டாள், யாரோ எடுத்திருக்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். அவள் நம்பரை அழுத்தினேன். வீட்டுக்குள் எங்கும் மணி அடிக்கவில்லை.

மேக்னாதான் எடுத்தாள். ஓடி வந்தவள்போல மூச்சு வாங்கினாள், குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது. நான் படலைச் சாத்தி, அவளுக்கு இன்னும் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

"கன்னுக்குட்டிய உள்ள உட்டுட்டேன்பா. நான் வர்றதுக்குள்ள படலை ஏம்ப்பா சாத்துனீங்க?"

பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

ஹெல்மெட்டின் கொக்கி கழன்றது.