வெளியேறாத பங்கு

பருந்தின் நிழல் தலைக்கு மேல் கடந்தது. ஏழாம் எண் முயல் காதைக்கூட அசைக்காமல் கேரட்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஆய்வாளர் ஜுனைதா சோதனையை மறுபடி ஓட்டினாள். திரையில் விழுவது பொய் நிழல்தான். ஆனாலும் மருந்து கொடுக்காத முயல்கள் அதைக் கண்டால் பதறி ஓடும். ஏழாம் எண்ணுக்கு ஒரு சொட்டுகூடக் கொடுத்ததில்லை.

மலைக்கொடி ஒன்றின் வேரிலிருந்து எடுத்த, பயத்தைப் போக்கும் அஞ்சாமருந்து வந்து இரண்டு வருடமாகிறது. தீயணைப்பு வீரர்கள், தேர்வெழுதுபவர்கள் என்று பாதி ஊர் அதைக் காலைக் காபியோடு விழுங்கியது. அடுத்த வாரம் முதல் பள்ளிகளிலும் கொடுக்கப்போகிறார்கள். மூன்றே நாளில் மலத்திலும் சிறுநீரிலும் முழுக்க வெளியேறிவிடும் என்று எலிகளை அளந்து கையெழுத்திட்டவள் ஜுனைதாதான். எலிகளில் அது உண்மையும்கூட.

முயலைத் தடங்காட்டிக்குள் வைத்தாள். உடம்பில் மருந்து தங்கிய இடம் அதில் பச்சையாக ஒளிரும். கல்லீரல் இருட்டு. சிறுநீரகம் இருட்டு. மூளையில் மட்டும் ஒரு பச்சைப் புள்ளி.

"கூண்டு மாறிப்போச்சா, அருள்?"

"இல்ல மேடம்," என்றான் உதவியாளன் அருள்தாஸ். "ஆனா தினமும் நாமதானே கையில தூக்கி எடை பாக்குறோம்?"

ஜுனைதா தன் தலையைத் தடங்காட்டிக்குள் நீட்டினாள். அதே பச்சை. உள்ளங்கை வியர்வையிலும் பச்சை. மகள் நஸீமா கர்ப்பமானது தெரிந்த அன்றே, தானும் விழுங்கிவந்த மருந்தை ஜுனைதா நிறுத்திவிட்டாள்; நாலு மாதமாகிறது. நேற்று அந்தக் கையால்தான் மகளுக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தாள்.

"சொன்னா நம்மள உள்ள வச்சுப் பூட்டிருவாங்க மேடம்."

"சொல்லலேன்னா பிள்ளைங்க குடிச்சிருமே."

அன்று மதியமே சொன்னாள். மருந்து விற்பனை நின்றது. மனித உடம்பிலிருந்து அது எப்போது வெளியேறும் என்பது யாருக்கும் தெரியவில்லை. அதை அளக்க முதல் ஆளாக ஜுனைதாவையே கண்ணாடி அறைக்குள் அடைத்தார்கள். அவள் சிறுநீர், குளித்த தண்ணீர், வியர்வை துடைத்த துணி எல்லாம் அளவைக்குப் போயின. உள்ளே போனதெல்லாம் வெளியே வரும்வரை கூண்டைத் திறக்கக் கூடாது என்பது எலிகளுக்காக அவளே எழுதிய விதி.

நூற்றில் அறுபத்திரண்டு பங்கு வந்தது. அதோடு நின்றுவிட்டது.

அடைத்து ஆறாம் மாதம் நஸீமா கைக்குழந்தையோடு கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றாள்.

"உம்மா, இவனுக்கும் அந்தப் புள்ளி இருக்காம். இவனையும் உள்ள வைக்கணும்ங்கிறாங்க." குழந்தையைக் கண்ணாடியருகே தூக்கிக் காட்டினாள். "உங்களுக்குப் பயமாவே இல்லையா?"

ஜுனைதா நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். இதயம் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. பேரன் முகத்தைப் பார்த்தபடி, ஒரு துளிப் பயமாவது வராதா என்று காத்துக்கொண்டே நின்றாள்.