ஹாய்ட் கில்லியமின் கைரேகை அட்டை

நீதிமன்றப் பதிவு அலுவலகத்தில் காத்திருப்பவர்களுக்கென்று போட்டிருந்த மூன்று நாற்காலிகளில் நடு நாற்காலி மட்டும் ஈரமாக இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் ராய்ஸ் கில்லியமுக்கு அது தெரிந்தது. விருட்டென்று எழுந்து பேண்ட்டின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தான். கையில் ஒட்டியது வெறும் தண்ணீர் இல்லை. மாவு கரைத்தது போல வெளுப்பாக, வழவழப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. வெளியே ஜூலை மாதத்துப் பிற்பகல் வெயில் ரோட்டுத் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. மழையைப் பார்த்து மூன்று வாரமாகிறது. யாராவது பிள்ளைக்காரி பால் புட்டியைக் கவிழ்த்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோனான். ஈர மண் வாசனை அடித்தது.

ஜார்ஜியாவின் அந்த மூலையில், ஹாஸ்கின்ஸ் மாவட்டத்தில், மண் வாசனை புதிதில்லை. ஊரைச் சுற்றி வெள்ளைக் களிமண் குவாரிகள். அந்த மண்ணை வெட்டி விற்றுத்தான் ஊரே சாப்பிட்டது. சிலர் மண்ணையே சாப்பிட்டார்கள், வாயும் வயிறுமாக இருக்கும் பெண்களுக்காக இன்றும் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ராய்ஸே இருபத்தாறு வருஷம் மண் ஆலையில் வேலை பார்த்தவன். ஆலை மூடி எட்டு மாதமாகிறது. ஆனால் ஆலையில் அடிப்பது காய்ந்த தூசியின் வாசனை. இது தண்ணீர் தேங்கிய பழைய குவாரியின் அடிச்சேற்று வாசனை. அதை அவன் அவ்வளவு கிட்டத்தில் முகர்ந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். ராய்ஸின் சட்டைப்பையில் இருந்த கனம், அவன் அண்ணன் ஹாய்ட்டின் டிரைவிங் லைசென்ஸ்.

பத்தொன்பது வயதில் ராய்ஸ் அடுத்தவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பிடிபட்டான். ஷெரிப்பின் ஆட்கள் பெயரைக் கேட்டபோது, வாயில் வந்தது அண்ணன் பெயர். பிறந்த தேதியும் அண்ணனுடையதைச் சொன்னான். பத்து விரல்களையும் மையில் உருட்டி எடுத்து, அட்டையின் தலையில் ‘ஹாய்ட் கில்லியம்’ என்று எழுதினார்கள். வண்டிக்காரர் புகாரை விட்டுவிட்டார், வழக்கு போயிற்று, அட்டை போகவில்லை. அடுத்தவன் தீப்பெட்டியைக்கூடத் தொடாத ஹாய்ட் ரயில்வேக்குப் போனான், ராணுவத்துக்குப் போனான், சிறைக் காவலர் வேலைக்குப் போனான். எல்லா இடத்திலும், உன் பெயரில் ஒரு கைது இருக்கிறதே என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது வருஷம் கழித்துத்தான் ஹாய்ட்டுக்கு விஷயம் விளங்கியது. நேரே பழைய குவாரிக்கு, ராய்ஸ் தூண்டில் போடும் இடத்துக்கு வந்தான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. டெக்சாஸுக்குப் போய்விட்டான் என்று ராய்ஸ் அம்மாவிடம் சொன்னான். சாகும்வரை, டீவியில் டெக்சாஸ் என்ற பெயர் வந்தால் சத்தத்தைக் கூட்டச் சொல்வாள் அம்மா.

அது நடந்து பதினெட்டு வருஷம். இப்போது ராய்ஸுக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை கிடைப்பதுபோல் இருந்தது. அந்த வேலையோடு மருத்துவக் காப்பீடு வரும். அவன் மனைவி லவோனுக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கையில் இருக்கும் காப்பீடு மாதக் கடைசியோடு முடிகிறது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்காரர்கள் அவன் விரலைப் பதிய வைப்பார்கள். பதிந்ததும் மெஷின் ஹாய்ட்டின் பெயரைக் கொண்டுவந்து நிறுத்தும். சரி, அந்த ஹாய்ட் எங்கே என்று கேட்பார்கள்.

ஒரே வழிதான் இருந்தது. தள்ளுபடியான பழைய வழக்கின் பதிவை மூடி வைக்கச் சொல்லி, சம்பந்தப்பட்டவரே வந்து எழுதிக் கொடுக்கலாம். மூடிவிட்டால் வேலை கொடுப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. அட்டையில் இருக்கும் பெயர் ஹாய்ட்டுடையது, விரல் ராய்ஸுடையது. அண்ணன் பெயரும் தன் கட்டைவிரலும் பொருந்திப் போகிற காகிதம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று லவோனின் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தான். பதிவு அலுவலகத்தில் அவனைத் தெரிந்த ஊர்க்காரி பெர்னீஸுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்குக் கவுண்டரில் இருப்பவள் வெளியூரிலிருந்து வந்த ஓடெஸா. அதனால்தான் வெள்ளிக்கிழமை.

“ஹாய்ட் கில்லியம்” என்று ஓடெஸா கூப்பிட்டாள்.

அவன் பேண்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“உங்களத்தான் தம்பி. காலையில நல்லாத்தானே இருந்தீங்க, இப்ப காது அடைச்சிருச்சா?”

கவுண்டரை நோக்கி இரண்டடி வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இந்தக் கட்டடத்துக்குள் வந்ததிலிருந்து அவன் யாரிடமும் எந்தப் பெயரையும் சொல்லவில்லை.

“நான் இப்பதான் மேடம் வர்றேன்.”

“ஆமாமா. எட்டு மணிக்குக் கதவத் தொறக்கறப்பவே தொப்பலா நனைஞ்சு நின்னது என் மாமியாரு.” அறுபது வயசுக்காரி, பருத்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. “எங்க போயி விழுந்தீங்கன்னு கேட்டா சிரிக்கிறீங்க. தரையத் தொடைக்க எனக்கு அரை மணி நேரம். போகட்டும், இப்பவாச்சும் காஞ்சு வந்தீங்களே.”

அவளுக்கு ஆள் மாறிப்போயிருக்கிறது என்று ராய்ஸ் நினைத்துக்கொண்டான். லைசென்ஸை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

“அதான் காலையிலயே நகல் எடுத்துட்டேனே. காலாவதி ஆகி எத்தன வருஷமாச்சுன்னு நாம ரெண்டு பேரும் சிரிக்கல?”

கோப்பைத் திறந்து காட்டினாள். அதே லைசென்ஸ். மடங்கிய அதே மூலை. பதினெட்டு வருஷமாக அவன் கருவிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்து, இன்று மதியம்தான் வெளியே வந்த லைசென்ஸ். நகலில் மட்டும் படத்தின் மேல் தண்ணீர் புகுந்து கொப்புளம் கட்டியிருந்தது. அதன் கீழே விண்ணப்பம், நிரப்பி வைத்தபடி. எழுத்துகள் இடது பக்கம் சாய்ந்து, எழுதிய கையே மையை இழுத்துக்கொண்டு போனதில் வரிக்கு வரி கறைபட்டுக் கிடந்தன. ஹாய்ட் இடது கைக்காரன். பள்ளிக்கூடத்தில் அந்தக் கறைக்காகவே அடி வாங்கியவன்.

“காரணம்னு கேட்ட எடத்துல என்ன எழுதியிருக்கீங்க பாருங்க. ‘பேர் என்னோடது. கை என்னோடது இல்ல.’” ஓடெஸா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “எல்லாரும் சொல்றதுதான் ராசா. எங்க வீட்டுக்காரரும் பீச் பழ அல்வாவ ராத்திரியில வழிச்சுத் தின்னுட்டு இதே வசனந்தான் பேசுவாரு.”

ராய்ஸ் சிரிக்க முயன்றான். திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. மாதக் கடைசிக்கு இன்னும் ஆறே நாள் என்று லவோனின் குரல் சொன்னது. கால் நின்றது.

“கட்டைவிரல வைங்க. பழைய அட்டையோட ஒத்துப்போனா முடிஞ்சுது. முத்திர போட்டு அனுப்பிருவேன்.”

மைப்பட்டையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தான். எடுத்ததும் இருவரும் குனிந்து பார்த்தார்கள். வரிகளே இல்லை. வெறும் கருப்பு வட்டம், அதன் ஓரத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

“இதென்ன தம்பி, வருஷக்கணக்கா தண்ணியிலயே கெடந்த கை மாதிரி” என்றாள் ஓடெஸா.

அவன் விரலைத் திருப்பிப் பார்த்தான். சதை வெளுத்து, உப்பி, சுருங்கி இருந்தது. காலையிலிருந்து அவன் ஒரு தம்ளர் தண்ணீரைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

“பரவால்ல, அட்டையவே பாத்துருவோம். கீழ ரூம்ல இருக்கு. அந்த டிராயர இந்த இடுப்ப வெச்சுகிட்டு என்னால இழுக்க முடியாது. வாங்க, வந்து இழுங்க. விதி விதின்னு பாத்தா இன்னிக்கு வேல ஆகாது.”

கீழே இறங்கும் படிகள் குறுகலாக இருந்தன. ஒவ்வொரு படிக்கும் குளிர்சாதனத்தின் இரைச்சல் மேலேயே தங்கிப்போய், அதன் இடத்தில் எங்கோ சுவருக்குப் பின்னால் சொட்டும் சத்தம் ஒன்று மெல்ல மெல்லத் தெளிவாகி, ஓடெஸாவின் செருப்புச் சத்தத்தோடு சேர்ந்தும் பிரிந்தும் வந்துகொண்டிருந்தது. சேற்று வாசனை இங்கே தொண்டைக்குள் படியும் அளவுக்குக் கெட்டியாக இருந்தது. அவளுக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை. கடைசிப் படியருகே ஓர் இரும்புக் கதவு. அதில் கம்பி பதித்த சின்னக் கண்ணாடி. சாவியைத் திருப்பினாள்.

“பழைய அட்டைங்க, மூடி வெச்சது எல்லாம் இங்கதான். முத்திர விழுந்துட்டா இதுக்குள்ள இருக்கறது போனதுதான். நீதிபதி சொன்னாலொழிய யார் கண்ணுக்கும் காட்டக் கூடாது. எதிர்லயே இருந்தாலும் நான் பாக்காத மாதிரிதான் இருக்கணும்.”

அலமாரிகளுக்கு நடுவே அவன் போனான். டிராயரை இழுத்தான். நனைந்த மரம் போல முரண்டு பிடித்து, திடீரென்று வந்தது. அட்டை எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது.

பத்து விரல்கள். கருப்பில் இல்லை. வெள்ளையில். களிமண் தோய்ந்த விரல்களை இப்போதுதான் வைத்து எடுத்தது போல, ஈரம் காயாமல்.

அட்டையின் மூலையில் ஒட்டியிருந்த படத்தில் பத்தொன்பது வயது ராய்ஸ் இருக்க வேண்டும். இருந்தது ஹாய்ட். நெற்றியில் ஒட்டிய முடி. திறந்த வாய். வாய் நிறைய வெள்ளை.

அன்றைக்கு ஹாய்ட் அடிக்கத்தான் ஓடி வந்தான். குவாரிச் சரிவு சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும், அவன் வழுக்கினான், சட்டைப்பையிலிருந்த லைசென்ஸ் கரையில் விழுந்தது. இடுப்பு வரை, மார்பு வரை சேற்றுக்குள் போய்க்கொண்டிருந்தவன் இடது கையைத் தூக்கினான். ‘ராய்ஸு, கையக் குடுடா.’ எட்டும் தூரம்தான். குனிந்தால் போதும். ராய்ஸ் குனியவில்லை. இவன் மேலே வந்தால் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவான் என்று நினைத்தான். இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். தண்ணீர் அடங்கும்வரை அப்படியே நின்றான்.

மேலே கவுண்டர் மணி அடித்தது.

“யாரோ வந்திருக்காங்க. இருங்க.” ஓடெஸா மூச்சு வாங்கிக்கொண்டே ஏறினாள். பேச்சுச் சத்தம். ஓர் ஆணின் குரல். அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

இரண்டு ஜோடிக் கால்கள் இறங்கி வந்தன.

“தம்பி, ராய்ஸ் கில்லியமாம். உங்க கூடப்பொறந்தவராம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு.” கதவருகே வந்து நின்ற ஓடெஸாவின் கையில் கடைசிப் படிவமும் பேனாவும் முத்திரையும் இருந்தன. அவள் தோளுக்குப் பின்னால், படியின் இருட்டில், நீலச் சட்டை. ராய்ஸ் காலையில் போட்டுக்கொண்டு கிளம்பிய அதே நீலச் சட்டை. காய்ந்த சட்டை. “அச்சு அசலா ஒரே ஜாடையா இருக்கீங்களே சாமி. இதுல ஹாய்ட் யாரு? அவரு கையெழுத்துதான் வேணும். தப்பான ஆளு போட்டா என் வேல போயிரும்.”

நான் ராய்ஸ் என்று சொன்னால் போதும். இரண்டே வார்த்தை. சொன்னால் இந்தக் கதவைத் தாண்டி வெளியே போகலாம். சொன்னால் இருபத்தேழு வருஷம் அவிழும். குவாரியில் ஆள் இறங்கித் தேடுவார்கள். லவோன் தனியாக ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். வாயைத் திறந்தான். நாக்கில் மண் ருசித்தது.

“நான்தான் ஹாய்ட்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா மேடம்.”

கையெழுத்துப் போட்டான். பேனாவை இடது கையில் பிடித்திருந்ததை எழுதி முடித்த பிறகுதான் கவனித்தான். ஓடெஸா படிவத்தைச் சுவரில் வைத்து முத்திரை குத்தினாள்.

“அப்ப சரி. முடிஞ்சுது.”

நிமிர்ந்தாள். அவள் கண்கள் அவன்மேல் பட்டு, நிற்காமல், அலமாரிகளின் மேல் போயின. அறை முழுவதும் ஒரு தடவை பார்த்தாள். டிராயர் திறந்து கிடப்பதைக்கூடப் பார்க்கவில்லை. விளக்கை அணைத்தாள்.

“மேடம்” என்றான். “மிஸ் ஓடெஸா.”

கதவைச் சாத்தினாள். சாவி திரும்பியது.

ஓடிப்போய்க் கண்ணாடியில் அறைந்தான். சத்தமே வரவில்லை. அந்தப் பக்கம் ஓடெஸா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். நீலச் சட்டைக்காரன் ஏறவில்லை. அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. லவோன் கூப்பிட்டால் மட்டும் அடிக்கும் ராகம்.

“கெளம்பிட்டேம்மா” என்றது ராய்ஸின் குரல். “வேல முடிஞ்சுது. இனிமே ஒண்ணும் கவலையில்ல.”

செருப்புக்குள் குளிர்ந்தது. பிறகு கணுக்காலில். குனிந்து பார்த்தான். இருட்டிலும் வெள்ளையாகத் தெரிந்தது. முழங்கால். இடுப்பு. கால் தரையில் நிற்கவில்லை. தரை வழுக்கிக் கீழே போய்க்கொண்டிருந்தது.

“அண்ணா” என்று கத்தினான். இடது கை தானாக உயர்ந்தது. “கையக் குடுண்ணா.”

நீலச் சட்டைக்காரன் கண்ணாடியருகே வந்தான். ராய்ஸின் முகம். அதில் கோபம் இல்லை. எட்டும் தூரம்தான்.

அவன் போனைப் பையில் போட்டான். பிறகு இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, தண்ணீர் அடங்குவதற்காக நின்றான்.