ஓவர்சியர் ஜாஸ்பரின் தூக்குக்குண்டு

தூக்குக்குண்டு சாய்ந்து தொங்கியது.

வால்டர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவருடைய அப்பா ஓவர்சியர் ஜாஸ்பர் சுவர்களை நேர்பார்த்த பித்தளைக் குண்டு அது. எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, முதலில் அதைத்தான் வால்டர் மாட்டுவார். இந்த அபிராமபுரம் வீட்டின் மூன்றாவது மாடியில் பதினெட்டு வருடமாக அது அசையாமல் தொங்கியது. இப்போது மாலை நாலரை மணி. வெளியே மழை மூட்டம். மின்சாரம் போனதால் விசிறி ஓடவில்லை, சன்னல்களும் சாத்தியிருந்தன. அப்படியிருந்தும் குண்டு சுவரைவிட்டு விலகி, வடகிழக்காக, சாந்தோம் இருக்கும் பக்கமாக, யாரோ நுனியைப் பிடித்து இழுத்து வைத்திருப்பதுபோல் நின்றது.

கட்டட வேலையிலேயே வளர்ந்தவர் அவர். சுவர் கோணலாக இருக்கலாம். குண்டு கோணலாக இருக்க முடியாது.

எழுந்துபோய் நூலைப் பிடித்தார். பாசி படிந்ததுபோல் வழுவழுவென்ற ஈரம். விரலை முகர்ந்தார். வெயிலே படாத தண்ணீரும் அழுகிய இலையும் பழைய சுண்ணாம்பும் கலந்த வாடை. எழுபத்தைந்து வயதில் கண் ஏமாற்றலாம். மூக்குமா ஏமாற்றும்? குண்டை நேராக்கி, நூலை வேட்டியால் துடைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்போல நாற்காலிக்குத் திரும்பினார்.

மேஜைமேல் மகள் ஆனியின் வரைபடங்கள் விரிந்து கிடந்தன. சாந்தோமில் பழைய மருந்தகம் இருந்த இடத்தில் பொது நூலகம் வரப்போகிறது. வடிவமைப்பது ஆனி. அந்தத் தெரு முழுவதும் நூறு வருடம் தாண்டிய வீடுகள். முகப்பு வளைவுகளில் ஒரு செங்கல்லைக்கூட மாற்றக் கூடாது, தெருவில் நின்று பார்த்தால் பக்கத்து ஓட்டுக்கூரைக்கு மேல் எதுவும் தலைநீட்டக் கூடாது என்று பாரம்பரியக் குழு கறாராகச் சொல்லிவிட்டது. எட்டு மாதம் மல்லுக்கட்டி ஆனி ஒரு வழி கண்டுபிடித்தாள். முகப்பு அப்படியே நிற்கும். புதுக் கட்டடம் முழுவதும் பின்பக்கத்துக் காலி முற்றத்தில் தாழ்வாக எழும்பும். முற்றத்தின் நடுவில் குழந்தைகள் படிக்கும் கூடம். வாசல் வளைவிலிருக்கும் கல்லையும் யாரும் தொட மாட்டார்கள். 'புதுப்பிப்பு 1969. மேற்பார்வை: எஸ். ஜாஸ்பர்.' இந்த நகரத்தில் அவர்கள் குடும்பத்தின் பெயர் கல்லில் இருக்கும் ஒரே இடம் அது.

முற்றத்தின் பழைய அளவுப் படத்தை ஆனிக்குக் கொடுத்தது வால்டர்தான். அறுபத்தொன்பதில் அவரே அப்பாவுக்காக டிரேசிங் தாளில் வரைந்தது. கொடுப்பதற்கு முந்தின நாள் சவர பிளேடை எடுத்து, முற்றத்தின் நடுவே இருந்த சின்ன வட்டம் ஒன்றை மட்டும் சுரண்டினார். தப்பாக விழுந்த மையைத் தாள் கிழியாமல் சுரண்டி எடுப்பது முப்பத்தாறு வருட டிராப்ட்ஸ்மேனுக்குப் பெரிய வேலையில்லை. சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினார். கிணறு போயிற்று.

கிணறு தெரிந்தால் தோண்டுவார்கள். தோண்டினால் அந்தக் கல்லில் இருக்கும் பெயரில் ஊர் காறித் துப்பும்.

இப்போது அந்தத் தாளைப் பார்த்தார். சுரண்டிய இடத்தில் வட்டமாக ஈரம் ஊறியிருந்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு கைசர் ஜஹான், முக்காடு சரிய, மூச்சு வாங்க நின்றாள்.

"இன்னா வால்டர் அண்ணே, மேல குளம் வெட்டிக்கினு கீறீங்களா? என் ஹால் சீலிங்ல வட்டமா ஈரம் கீது. கொட புடிச்சிக்கினு சீரியல் பாக்கணுமா நானு?"

"என் வீட்ல ஒரு சொட்டு ஒழுகாது. கட்டின பில்டரைப் போய்க் கேளு."

"அவரு செத்து நாலு வருசம் ஆவுது. கபர்ஸ்தான்ல போய்க் கேக்கட்டா?" அவள் மூக்கைச் சுளித்தாள். "இன்னா வாட இது? கெணத்து வாட மாதிரி..."

"கெணறு கிடையாது!"

தன் குரல் படிக்கட்டில் எதிரொலித்ததை வால்டரே கேட்டார். கைசர் ஜஹான் ஒரு படி பின்வாங்கினாள்.

"இல்லன்னா இல்ல. மூணாவது மாடில கெணறு கீதுன்னு நான் சொன்னனா? அதுக்கு எதுக்கு அண்ணே இந்தக் கத்து?"

அவள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப்போனாள். வால்டர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுத் திரும்பினார். நேராக்கி வைத்த குண்டு மறுபடி சாய்ந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூல் விறைத்தது.

ஒரு இழுப்பு. இரண்டு. மூன்று.

அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். தூர் வாரக் கிணற்றில் இறங்கும் ஆள் இடுப்புக் கயிற்றால் மேலே இருப்பவனோடு பேசுவான். ஒருமுறை இழுத்தால் இன்னும் இறக்கு. இரண்டு இழுத்தால் வாளியைத் தூக்கு. மூன்று இழுத்தால் என்னைத் தூக்கு.

அன்று கயிற்றைப் பிடித்திருந்தவர் வால்டர். பத்தொன்பது வயது. கீழே இறங்கியவன் செம்பியன். மறுநாள் காலை மருந்தகத்தின் திறப்பு விழா. பந்தல் போட்டாயிற்று, பேண்டுக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று. பாதித் தூர் எடுத்த நிலையில் கீழேயிருந்து சத்தம் வருவது நின்றது. அப்பா ஒரு விளக்கைக் கட்டி இறக்கினார். அணைந்துபோனது. "விஷக்காத்து. ஆள் போயிட்டான்" என்றார். அப்போது வால்டரின் உள்ளங்கையில் கயிறு மூன்று முறை இழுபட்டது. "அப்பா, மூணு" என்றார் வால்டர். அப்பா அவரையும் பார்க்கவில்லை, கிணற்றையும் பார்க்கவில்லை. பந்தலைப் பார்த்தார். பிறகு வால்டரின் கையிலிருந்து கயிற்றை வாங்கி உள்ளே போட்டார். விடிவதற்குள் கருங்கல் பலகை, மேலே மண், அதன்மேல் பூந்தொட்டிகள். செம்பியன் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டான் என்று அவன் மனைவியிடம் சொன்னதும் வால்டர்தான்.

அதன்பின் அப்பாவும் மகனும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அப்பாவின் அடக்கத்துக்கு முந்நூறு பேர் வந்தார்கள்.

வால்டர் முதுகை நிமிர்த்திக்கொண்டு சுவருக்கு எதிரே போய் நின்றார்.

"செம்பியா. அம்பத்தஞ்சு வருஷமா ஒன்னும் புடுங்க முடியல உன்னால. இப்ப என்ன? நான் ஜாஸ்பர் மகன். உனக்காக வாயைத் திறப்பேன்னு நெனச்சியா?"

குண்டு மெல்ல இறங்கியது. மூன்றடி நூல்தான் அது. ஆனால் நீண்டுகொண்டே போய் மொசைக் தரையைத் தொட்டது. தொட்ட இடத்தில் தரை கறுப்பாக, வட்டமாக நனைந்தது. நூல் அதைத் தாண்டியும் இறங்கியது.

மேஜைமேல் கைபேசி அடித்தது. ஆனி.

"டாடி, சைட்லருந்து பேசறேன். மண் டெஸ்ட்டுக்கு முக்காலி நிறுத்தி ராடு அடிச்சிட்டிருந்தோம். ரெண்டடியில கல்லு மாதிரி தட்டுச்சு. ஒடஞ்சதும் ராடு சரசரன்னு உள்ள போயிடுச்சு. கீழ காலியா இருக்கு." பின்னால் ஆட்களின் கூச்சல். "கயிறு சுத்தற வின்ச்சை நிறுத்திட்டாங்க, ஆனா கயிறு தானா இழுத்துக்கிட்டே போகுது. நீங்க குடுத்த படத்துல இங்க ஒன்னுமே இல்லையே. டாடி, இங்க கெணறு இருந்துச்சா?"

வாடை அறை முழுக்க நிறைந்திருந்தது. வால்டரின் வெறுங்கால்களைத் தண்ணீர் தொட்டது.

"டாடி?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நடுவுல பசங்க உக்காந்து படிக்கப் போறாங்க."

"ஓவர்சியர் ஜாஸ்பர் பார்த்த வேலை அது. உன் தாத்தா. அவரைச் சந்தேகப்படறியா?"

அவள் பெருமூச்சு விட்டாள். "சரி. நானே கிட்டப் போய்ப் பாக்கறேன். லைன்லயே இருங்க."

போகாதே என்று ஒரு வார்த்தை. சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வால்டர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

காலடிச் சத்தம். ஈர மண். "டார்ச்சைக் குடுங்க." மறுபடி காலடி.

கல் சரியும் சத்தம்.

அலறல் இல்லை. கயிறு உருளையில் ஓடும் சத்தம் மட்டும், நீளமாக, நிற்காமல். பிறகு அதுவும் இல்லை.

"ஆனி."

கைபேசி இருண்டது.

சுவரில் ஆணி முனகியது. நூலின் பாரத்தில் வளைந்தது. கழன்று பறந்தது. வால்டர் பாய்ந்து நூலைப் பிடித்தார். உள்ளங்கை அறுபட்டது. விடவில்லை.

"முடியாது" என்றார். "முடியாதுடா."

எடை. அன்று இந்தக் கைகளில் இருந்த எடை நினைவிருந்தது. ஓர் ஆளின் எடை.

இது அதைவிடக் கனம்.

மூன்று இழுப்பு. நிதானமாக. பழகிய கை.

சற்று இடைவெளி.

மறுபடி மூன்று. மெல்லிய கை. பதறும் கை.

அந்தக் கணக்கை ஆனிக்கு அவர் ஒருநாளும் சொல்லித்தந்ததில்லை. கீழே யாரோ, இருட்டில், அவள் கையைப் பிடித்துப் பொறுமையாகச் சொல்லித்தந்திருந்தார்கள்.