நாற்பத்தேழாம் பக்கத்து ஜன்னல்

அந்த ஓட்டையைப் போட்டவன் நான்தான். உங்களிடம் முதல் வரியிலேயே ஒப்புக்கொள்கிறேன்... அவளிடம் ஒப்புக்கொள்ளத்தான் மூன்று நாள் ஆனது.

வெளியே மழை. பழைய புத்தகக் கடையில் ஒதுங்கியிருந்தேன். அலமாரிக்கு அந்தப் பக்கம் யாரோ குட்டி ரயில் பத்திரிகை ஒன்றை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்கள். நாற்பத்தேழாம் பக்கத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு கண். பெரிய, கரிய, கோபமான கண்... ஒருமுறை இமைத்தது. என் இதயம் தடம் புரண்டது.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லங்க... பக்கம் நல்லா இருக்கு."

"பக்கம் எங்க இருக்கு? எவனோ வெட்டிட்டுப் போயிருக்கான். அவன் கை மட்டும் என்கிட்ட கிடைச்சா..."

இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பிழைப்பு மேலும் கீழும் ஓடுகிறது; வீட்டுக்கு வந்தால் குட்டி ரயில் முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்தப் பக்கத்திலிருந்த ஸ்டேஷன் வரைபடத்தைப் பிளேடால் அழகாக வெட்டி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். அறை மாறியபோது பத்திரிகைக் கட்டை இந்தக் கடையில் இறக்கினேன். பின்பக்கத்தில் என்ன இருந்தது என்று திருப்பிப் பார்த்தவனா நான்?

"அந்தப் பக்கம் எதுக்குங்க?"

"நீங்க எதுக்குக் கேக்கறீங்க?"

"நானும் குட்டி ரயில் விடறவன்தான்."

"அப்போ நீங்களும் வெட்டுவீங்களா?"

கேள்விக்குப் பதில் கேள்வி... கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலையாம் அவளுக்கு. நாள் முழுக்க 'இது தெரியுதா, அது தெரியுதா' என்று கேட்டுக் கேட்டு வந்த பழக்கமாக இருக்கும்.

மழை விடுவதற்குள் விஷயம் வந்தது. அவள் அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஸ்டீயரிங் திருப்பி அலுத்தவருக்கு, தானே திரும்பும் தண்டவாளத்தின் மேல் அப்படி ஒரு ஆசை. இந்தப் பத்திரிகையை நூலகத்தில் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு முழுப் பலகையில் ரயில் பாதை போட்டாராம். இப்போது அடியிலிருந்த வயர்களை எலி கடித்துவிட்டது. பதினாறு வயர், எல்லாம் ஒரே கறுப்பு. எது எங்கே என்பது நாற்பத்தெட்டாம் பக்கத்தில் மட்டும்தான்... அதாவது, என் ஓட்டையில்.

"புதுப் பத்திரிகை எல்லாம் பாத்துட்டேன். 'பழசத் தூக்கிப் போடு, புதுசு வாங்கு'ங்குது. அப்பாவோட இன்ஜினைப் பத்தி இந்தப் பழசுதான் பேசுது. ஞாயித்துக்கிழமை வீடு மாறறோம். அதுக்குள்ள ஓடலன்னா பலகைய உடைச்சிடுன்னுட்டார். ரெண்டு நாளா அவருக்குச் சாப்பாடும் சரியா இறங்கல."

'அது என்னிடம் இருக்கிறது' என்று சொல்ல வாயைத் திறந்தேன். "என் நண்பன் வீட்ல இருக்கு" என்றது வாய்.

வீட்டில், ஒட்டியிருந்த துண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஓரம் கிழிந்தது. பயந்துவிட்டேன். சனிக்கிழமை அலமாரிக் கதவையே கழற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு, அவள் சொன்ன விலாசத்துக்கு மழையில் நடந்தேன். குடை மிச்சம்.

கதவைத் திறந்தவள் கதவைப் பார்த்தாள்.

"கதவத் தட்டுவாங்க, கேள்விப்பட்டிருக்கேன்... கதவோட வருவாங்களா?"

கெட்டிலில் நீராவி கிளப்பி, ஒட்டிய காகிதத்தின் மேல் காட்டினோம். ஆவிக்கு நடுவே அவள் முகம் மறைவதும் தெரிவதுமாக... கண்ணாடிக் கடை இடுக்கியால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பக்கத்தை உரித்தாள். பத்திரிகையை எடுத்து, துண்டை அதன் ஓட்டையில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஏங்க... உங்க நண்பர் வீட்டுக் கதவுல உங்க கம்பெனிச் சட்டை ஏன் தொங்குது?"

கொக்கியைப் பார்த்தேன். மார்பில் லிஃப்ட் படத்தோடு என் சட்டை, சொட்டச் சொட்ட.

"நான்தாங்க வெட்டினேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். அந்தக் கண்ணைப் பாத்ததும்... தைரியம் போயிடுச்சு."

அவள் இடுக்கியை டக்கென்று மேஜையில் வைத்தாள்.

அதுவரை மூலை நாற்காலியிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா செருமினார். "விடும்மா. வெட்டாதவன் குட்டி ரயில் விடறவனே இல்ல. லைப்ரரி புத்தகத்துல நான் வெட்டாததா? தம்பி... கை நடுங்காம வெட்டியிருக்கீங்க. அதே கையால வயரப் பத்த வைங்க பாப்போம்."

பதினாறு வயர். அவள் படித்தாள், நான் பற்றவைத்தேன். மாலை வெளிச்சம் ஜன்னலில் இருக்கும்போதே அப்பா விசையைத் திருப்பினார். இன்ஜின் கிளம்பியது. கோடி வளைவில் சுற்றியது... மூவரும் மூச்சை நிறுத்தினோம்... நிற்காமல், போன பாதையிலேயே திரும்பி வந்தது!

"நாளைக்கு வண்டியில மொத மொத இதான் ஏறணும்," என்றார் அப்பா. பிறகு, "பசிக்குதும்மா."

சமையலறைக்குப் போகத் திரும்பியவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"கோபம் போயிடுச்சா?"

"போயிருக்கணுமா?"

"புது வீட்டுக்கு நான் வரலாமா?"

"கதவோடவா?"

"ஏங்க, ஒரே ஒரு கேள்விக்காவது பதிலா ஒண்ணு சொல்லுங்க. என்னைப்... பிடிச்சிருக்கா?"

மேஜையிலிருந்த பத்திரிகையை எடுத்து, வெட்டிய துண்டை உருவிவிட்டு, முகத்துக்கு நேரே பிடித்தாள். நாற்பத்தேழாம் பக்கத்து ஜன்னலில் மறுபடியும் அதே கண். இந்த முறை கோபம் இல்லை.

"பிடிச்சிருக்கு."