மறுமுனையில் நிருபன்

நிலாவெளி பஸ்ஸில் வந்து இறங்கிய பூரணி, வழக்கம்போல் செருப்பைப் படியில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். ஃபோனும் இணையமும் பேச வரும் கொமினிகேசன் கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. கோயிலுக்குள் வருவதுபோல் வருகிறாளே என்று கடைக்கார இராகுலனுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நெஞ்சு சுருங்கும்.

துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற பழைய வீடு அது. உப்புக் காற்று தின்ற சுவர், தொட்டால் கையோடு உதிரும். முன்னறையில் நான்கு கணினிகள். பின்னறையில் ஒன்று. மாரிமழை தொடங்கியிருந்ததால் பின்னேரமே அறைக்குள் இருட்டுக் கட்டியிருந்தது. கடையில் வேறு ஆட்கள் இல்லை.

"மழையெண்டபடியா இண்டைக்கு லைன் வருமோ தம்பி?"

"வரும் அக்கா. இருங்கோ."

கதிரையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு சிறிய பொட்டலத்தை மேசையில் வைத்தாள். "பயத்தம் பணியாரம். உங்களுக்குத்தான். என்ர பிள்ளையோட கதைக்க விடுறியள், நான் வேற என்னத்தைச் செய்ய?"

இராகுலன் அவளுடைய காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டு, கண்ணைப் பார்க்காமல் பின்னறைக்குப் போனான்.

அவளுடைய மகன் நிருபன் அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறியவன். படகு விடுகிறவனிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது இராகுலன்தான். படகு போய்ச் சேரவில்லை. அனுப்பியவனின் கைபேசியும் ஓய்ந்துபோனது. போனவர்களின் தாய்மார் ஒன்றுகூடிப் பொலிசுக்குப் போகப் புறப்பட்டபோது தன் பெயரும் வெளியே வந்துவிடும் என்று இராகுலன் பயந்தான்.

அந்தப் பயத்தில் செய்த வேலைதான் இது. நிருபனின் பெயரில் இணையத்தில் ஒரு கணக்குத் திறந்தான். "கொம்பியூட்டரில கதைக்கிறதுக்குக் காசு தேவையில்லை அக்கா. அங்க அகதி முகாமில கிழமைக்கு ஒருக்கா விடுறாங்களாம். முகம் காட்டத்தான் விடமாட்டாங்களாம்" என்று சொல்லி அவளை முன்னறையில் இருத்தினான். பின்னறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை இரைய விட்டு, கைலேஞ்சித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு "அம்மா" என்றான்.

அவள் நம்பினாள். குரல் அடைத்துக் கிடப்பதற்குக் குளிர்தான் காரணம் என்று அவளே சொல்லிக்கொண்டாள். மற்றத் தாய்மாரிடம் ஓடிப்போய், "என்ர பிள்ளை கதைச்சவன். உங்கட பிள்ளையளும் கதைப்பினம், பொறுங்கோ" என்றாள். அவர்கள் பொறுத்தார்கள். ஒருவரும் பொலிசுக்குப் போகவில்லை.

ஒருமுறையோடு விட்டுவிடத்தான் நினைத்தான். அவள் அடுத்த வெள்ளியும் வந்தாள். அதற்கடுத்த வெள்ளியும் வந்தாள்.

அன்றைக்கும் கதவைச் சாத்தினான். ஹெட்செட்டை மாட்டினான். கைலேஞ்சியை எடுக்கக் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டான்.

"கலோ, நிருபன்?" பூரணியின் குரல் காதில் கேட்டது.

"அம்மா."

இராகுலன் இன்னும் வாய் திறக்கவில்லை.

முதலில் எதிரொலி என்றுதான் நினைத்தான். பிறகுதான் மின்விசிறியைப் போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் இணைப்பில் ஓர் இரைச்சல் இருந்தது. பலகையின் அடியில் தண்ணீர் வந்து மோதும் சத்தம். அதற்கு அப்பால், நெருக்கி உட்கார்ந்திருக்கும் பலருடைய மூச்சு.

"சாப்பிட்டியா மகன்?"

"இஞ்ச பசிக்கிறேல்லை அம்மா."

டீசலும் ஈரத்துணியும் கலந்த வாடை அறைக்குள் பரவியது. ஜன்னல் பூட்டியிருந்தது.

"இண்டைக்குத்தான் உன்ர குரல் உன்ர குரலாக் கிடக்கு," என்றாள் பூரணி. அவள் சிரிப்பது கேட்டது.

"இவ்வளவு நாளும் நான் கதைக்கேல்லை அம்மா."

இராகுலன் இணைய வயரைப் பிடுங்கினான். பெட்டியில் மினுங்கிய பச்சை வெளிச்சம் அணைந்தது.

குரல் அணையவில்லை.

"அப்ப ஆர் மகன் கதைச்சது?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. மூச்சுக்கள்கூட அடங்கின.

பிறகு, அவனுடைய வலது காதோடு ஒட்டி, மிக மெதுவாக:

"அண்ணை, நீங்களே சொல்லுங்கோ."

இராகுலன் ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு முன்னறைக்கு ஓடினான். பூரணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய காலடியில், சீமெந்துத் தரையில், அப்படியே விழுந்தான்.

"நான்தான் அக்கா. இவ்வளவு நாளும் நான்தான் கதைச்சனான்."

எல்லாவற்றையும் சொன்னான். யாரிடம் கூட்டிப்போனான், படகு எங்கேயிருந்து போனது, ஏன் பொய் சொன்னான். அடிப்பாள், தலைவிரித்து அழுவாள் என்று காத்திருந்தான். அவள் ஹெட்செட்டைக் கழற்றி, குழந்தையைக் கிடத்துவதுபோல் மேசையில் வைத்தாள்.

"என்ர பிள்ளை போயிட்டான் எண்டு எனக்கு உள்ளுக்க தெரியும்," என்றாள். "தெரிஞ்சுகொண்டுதான் வந்தனான். ஆனா மற்றத் தாய்மாரை நான் பொறுக்கச் சொன்னனானே. அதுகளின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

அவள் கதிரையை விட்டு எழுந்தாள்.

"எழும்படா. நட பொலிசுக்கு."

அதுவரை அவள் அவனை ஒருமையில் அழைத்ததில்லை.

மழைக்குள் இருவரும் நடந்தே போனார்கள். அவன் வாக்குமூலம் கொடுத்தான். பொலிஸார் அன்றைக்கே வந்து கணினிகளைப் பெட்டிகளில் போட்டு, நாடா ஒட்டி, சாட்சிப் பொருட்களாக எடுத்துப் போனார்கள். படகு விட்டவன் கந்தளாயில் பிடிபட்டான். இராகுலனும் மறியல் சிறைக்குப் போனான். வழக்குக்கு வந்த தாய்மாரில் ஒருத்திகூட அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனால் தாங்க ஏலாமல் இருந்தது.

பிணையில் வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பொலிஸில் கையொப்பம் வைக்க வேண்டும். ஒரு ஞாயிறு, சாட்சிப் பொருள் அறைக்குப் பொறுப்பான சிங்களக் கொன்ஸ்டபிள் அவனை வாசலில் மறித்தார். தூக்கமில்லாத கண்கள். தெரிந்த தமிழில், மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினார்.

"உங்கட கொம்பியூட்டர் பெட்டி நான் திறக்க இல்லை. கரண்ட் வயர் ஒண்டும் குடுக்க இல்லை. வெள்ளிக்கிழமை உள்ளுக்க கதைக்கிறாங்க."

இராகுலன் கிட்ட வந்தான். "என்ன... கதைக்கினம்?"

"தமிழ் எனக்கு நிறைய விளங்காது. ஒரு சொல்லு மட்டும் விளங்கும். அம்மா எண்டா எங்கட பாஷையிலயும் அம்மாதானே." கொன்ஸ்டபிள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நீங்க ஒரு பொடியன் எண்டுதானே எழுதிக் குடுத்தீங்க? உள்ளுக்க எத்தினை பேர்?"